காவிரிக்கரையில் விளக்கு எரிந்த வகை

தஞ்சைப் பெரிய கோயிலில் எல்லோரும் விமானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். நான் கல்வெட்டுகளிடம் போய்விடுவேன். ஒரு விளக்கு அணையாமல் எரிய என்ன வேண்டும் என்பதை ராஜராஜன் காலத்தில் அங்கே கணக்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு, இல்லையென்றால் 48 பசு, அதுவும் இல்லையென்றால் 16 எருமை. ஏற்றுக்கொண்ட இடையர், ஆடவல்லான் அளவையால் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். யார் கொடுத்தது, யார் பெற்றது, எந்த ஊர், எல்லாம் கல்லில் இருக்கிறது. எரிபொருளுக்கு இத்தனை நேர்மையான கணக்கை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நெய் கோயிலுக்கு. குடியானவன் வீட்டில் எரிந்தது இலுப்பை எண்ணெய். ஆனி, ஆடியில் பழம் உதிரும். பெண்களும் பிள்ளைகளும் கொட்டை பொறுக்கி, உடைத்து, காயவைத்துச் செக்குக்கு அனுப்புவார்கள். பிண்ணாக்கைத் தலைக்குத் தேய்ப்போம், வயலுக்கும் போடுவோம். மயிலாடுதுறைப் பக்கம் இலுப்பைப்பட்டு என்றே ஓர் ஊர் உண்டு. அங்குள்ள சிவன் கோயிலுக்கு இலுப்பையே தலமரம்.

பிறகு கப்பலேறித் தகர டின்களில் மண்ணெண்ணெய் வந்தது, அமெரிக்காவிலிருந்து, ருசியாவிலிருந்து, பர்மாவிலிருந்து. அரிக்கேன் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைப்பது எங்கள் வீட்டில் என் அந்திவேலை. வெளிச்சம் கூடியது உண்மை. ஆனால் எரிவது யார் கை உழைப்பு என்று எங்களில் யாருக்கும் தெரியாமல் போனது. இலுப்பைத் தோப்புகளும் ஒவ்வொன்றாகக் கோடாரிக்குப் போயின.

விளக்கை விட்டு வயலுக்கு வருகிறேன். மேட்டூர் அணை 1934இல் வந்ததிலிருந்து, அதைத் திறக்கும் ஜூன் 12ஆம் தேதிதான் எங்கள் குறுவை நெல்லுக்கு நல்ல நாள். தண்ணீர் வராத ஆண்டில் அப்பா டீசல் இன்ஜினைத்தான் நம்பினார். கைப்பிடியைச் சுற்றி, லீவரைத் தட்டிவிட்டதும் கரும்புகை கக்கிக்கொண்டு கிளம்பும், நாற்றங்கால் பிழைக்கும். அந்த எண்ணெய்க்கு நான் நன்றி மறந்தவள் இல்லை.

அதே எண்ணெய் எங்கள் காலடியிலும் கிடந்தது. 1980களில் நரிமணத்தில் எடுத்தார்கள். 1993இல் நாகூர் அருகே பனங்குடியில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் சுத்திகரிக்கும் ஆலை எழுந்தது. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் உடைந்து வயலில் கச்சா எண்ணெய் பரவியது. கேட்கப் போன சனங்கள் மீது தடியடி நடந்தது. பலரைச் சிறையில் அடைத்தார்கள். உழக்கு நெய்க்கே ஆள்பெயர் எழுதிவைத்த இந்த மண்ணில், வயல் கெட்டதற்குப் பொறுப்பாளி யார் என்று கேட்டவர்கள்தான் குற்றவாளிகளானார்கள். எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. புதிய எண்ணெய்க் கிணறுகளுக்குத் தடை. அதற்கு முன்பே நடந்துவந்த பணிகளை அந்தச் சட்டம் தொடவில்லை. அவற்றையும் தொடும்படி திருத்த வேண்டும் என்பதே என் கோரிக்கை.