ஒரு பெயரும் இரண்டு இரவுகளும்

இன்று ஒரு பாட்டில் இருந்த ஒற்றைச் சொல்லைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் டார்லீன் செக் 1993இல் ‘ஷவுட் டு த லார்ட்’ பாடலை எழுதினார். பின்னாளில் சிட்னியின் ஹில்சாங் சபையில் ஆராதனையை வழிநடத்தியவர் அவர். ஆராதனைப் பாட்டுக்கு ஒரு இலக்கணம் உண்டு. முதல்முறை கேட்பவர்கூட, பாட்டு முடிவதற்குள் சேர்ந்து பாடிவிட வேண்டும். கச்சேரி செய்பவருக்கு இந்தக் கவலை கிடையாது. அந்தப் பாட்டு சபை சபையாகப் பரவி உலகைச் சுற்றியது.

2008 ஏப்ரலில் ‘அமெரிக்கன் ஐடல்’ போட்டியாளர்கள் அதைத் தொலைக்காட்சியில் பாடினார்கள். தொடக்கத்தில் வரும் ‘இயேசு’ அன்று ‘மேய்ப்பர்’ ஆகியிருந்தது. மறுநாள் இரவு மறுபடியும் பாடினார்கள். பெயர் திரும்பி வந்திருந்தது. பொதுமேடையில் ஏற பக்திப்பாட்டு என்ன கொடுக்க வேண்டும் என்பதை அந்த முதல் இரவு காட்டியது.

இணையத்தில் அப்படி நடுவில் நிற்பவர் குறைவு. 2020இல் ‘சர்ஃபேசஸ்’ இரட்டையரின் ‘சண்டே பெஸ்ட்’ டிக்டாக்கில் பரவியது. சாதாரண பாப் பாட்டுதான். அவர்களில் ஒருவரான ஃபாரஸ்ட் ஃப்ராங்க் பின்னர் வெளிப்படையாகக் கிறிஸ்தவப் பாடல்களுக்கு வந்தார். 2025இல் அவருடைய ‘யுவர் வேஸ் பெட்டர்’ நடனக் காணொளிகளில் பரவி, பில்போர்டின் ஹாட் 100 பட்டியலில் நுழைந்தது.

எனக்கு ஒரு குறை உண்டு. செக்கின் பாட்டைச் சபை கண்மூடிச் சேர்ந்து பாடியது. இங்கே சேர்ந்து ஆடுகிறார்கள், அவரவர் அறையில், கைபேசியைப் பார்த்தபடி.