எஸ்.எம்.பி.எஸ். - 63.5 வாட் முதல் 1000 வாட் வரை

கம்ப்யூட்டர் வரலாறு என்றாலே எல்லோரும் ப்ராசஸர் கதைதான் எழுதுகிறார்கள். கேபினெட் மூலையில் விசிறியைச் சுற்றிக்கொண்டு கிடக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அது மட்டமாக இருந்து போகும்போது மதர்போர்டையும் சேர்த்துக்கொண்டு போகலாம்! பெட்டியில் "1000 வாட்" என்று போட்டிருந்தால் அப்படியே நம்பலாமா? இதன் வரலாற்றைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

1981-இல் வந்த ஐ.பி.எம். பிசியின் பவர் சப்ளை வெறும் 63.5 வாட். ஒரு குண்டு பல்பு அளவுதான்! அதில் 5 வோல்ட் லைனில் 7 ஆம்பியர், அதாவது 35 வாட். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர், 24 வாட். மீதி சில்லறை. சிப்புகள் பெரும்பாலும் 5 வோல்ட்டில் ஓடின. 12 வோல்ட் முக்கியமாக டிஸ்க் மோட்டாருக்கு. 1984-இல் வந்த ஏ.டி. மாடலில் இது 192 வாட் ஆனது.

1995-இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். தரத்தைக் கொண்டுவந்தது. ஆனால் பெரிய திருப்பம் 2000-இல், பென்டியம் 4 வந்தபோதுதான். ப்ராசஸருக்கென்றே தனியாக 4 பின் 12 வோல்ட் கனெக்டர் வந்தது. ஏன் 12? அதே வாட்டை அதிக வோல்ட்டில் அனுப்பினால் ஆம்பியர் குறையும், ஒயர் சூடாவதும் குறையும்.

இங்கேதான் ஏமாற்றுக்கு வழி பிறந்தது. லேபிளில் 500 வாட் என்று இருக்கும். 12 வோல்ட் லைனைப் பார்த்தால் 20 ஆம்பியர்தான் இருக்கும். அதாவது 240 வாட். இன்றைய ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது இந்த 12 வோல்ட்டைத்தான். மீதி வாட் பெயருக்குத்தான்!

2004-இல் 80 ப்ளஸ் திட்டம் வந்தபோது கேள்வியே மாறியது: எவ்வளவு வீணாகிறது? 80 சதவீதத் திறனில் 1000 வாட் கொடுக்க, சுவரிலிருந்து 1250 வாட் இழுக்க வேண்டும். 250 வாட் வெறும் சூடு! பிறகு கோல்ட், பிளாட்டினம், டைட்டானியம் என்று பட்டங்கள் வந்தன. ஆனால் அந்தச் சோதனை நடப்பது 23 டிகிரியில். நம் ஊர் கேபினெட்டுக்குள் அந்தக் குளிர்ச்சி எங்கே? அது திறனுக்கான சான்றிதழ். மின்சாரம் எவ்வளவு சுத்தம் என்று அது சொல்லாது. அதற்கு ஏ.டி.எக்ஸ். விதி தனி: 12 வோல்ட்டில் ரிப்பிள் 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக்கூடாது.

2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 இன்னொரு கேள்வியைச் சேர்த்தது. கிராபிக்ஸ் கார்டு திடீரென்று இழுத்தால் தாங்குமா? 16 பின் கனெக்டர் உள்ள பெரிய சப்ளைகள், 100 மைக்ரோசெகண்டுக்குத் தம் அளவைப் போல் இரண்டு மடங்கு தாங்க வேண்டும் என்றது.

ஆக, 1981-இல் "எத்தனை வாட்?" என்று கேட்டாலே போதும். இன்றைக்கு "எந்த லைனில், எத்தனை டிகிரியில், எவ்வளவு சுத்தமாக?" என்றும் கேட்க வேண்டும். கடைக்குப் போனால் பெட்டியைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் ஆம்பியரைப் பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். மொத்த வாட்டுக்குப் பக்கத்தில் வந்தால் மேலே பேசலாம். பாதிதான் வந்தால், மரியாதையாகத் திருப்பி வைத்துவிடுங்கள்!