பழைய எஸ்பிரஸோ மெஷினும் ஒரு ரப்பர் வாஷரும்

போர்ட் பிளேரில் இருந்துகொண்டு (2024 செப்டம்பரிலிருந்து காகிதத்தில் ஸ்ரீ விஜயபுரம், பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான்) யாரோ பயன்படுத்தி, யாரோ பழுது பார்த்த எஸ்பிரஸோ மெஷினை வீட்டுக்கு வாங்கப் போகிறேன் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். சென்னையிலிருந்து கப்பலில் வந்தால் சுமார் மூன்று நாள். கடல் காற்றில் எது வைத்தாலும் துருப்பிடிக்கும். கெட்டுப்போனால் பார்க்க ஆள் கிடையாது. புதுசாகவே வாங்கித் தொலையேன் என்றார் அலுவலக நண்பர். அவருக்குப் பதில் சொல்லத்தான் இந்த மெஷினின் பூர்வீகத்தைத் தோண்ட ஆரம்பித்தேன். தோண்டியது எங்கேயோ போய் நின்றது.

1884ல் இத்தாலியின் டூரின் நகரத்தில் ஆஞ்சலோ மோரியோண்டோ என்பவர் நீராவியால் காப்பி இறக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். விற்பதற்காகப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. 1901ல் மிலான்காரர் லூயிஜி பெஸேரா அதை ஒவ்வொரு கோப்பையாக இறக்கும்படி மாற்றினார். அவரிடமிருந்து உரிமையை வாங்கிய டெசிடேரியோ பவோனி 1906 மிலான் கண்காட்சியில் மெஷினைக் கடை விரித்தார். இவையெல்லாம் நீராவி அழுத்தத்தில் ஓடியவை. ஒன்றரை, இரண்டு பார் அழுத்தம்தான் வரும். தண்ணீர் கொதிநிலையைத் தாண்டிப் போவதால் காப்பி கருகிக் கசக்கும். மேலே நுரையும் கிடையாது.

இன்று நாம் எஸ்பிரஸோ என்று சொல்வது அகிலே காஜியாவின் கைங்கர்யம். 1938ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், நடுவில் உலகப்போர், 1948 வாக்கில் நெம்புகோல் மெஷின் சந்தைக்கு வந்தது. கையால் நெம்புகோலை இழுத்து விட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எட்டு, ஒன்பது பார் அழுத்தத்தில் தண்ணீரைத் தூளுக்குள் தள்ளும். நீராவியை நம்பவேண்டாம். மேலே பொன்னிறத்தில் ஒரு நுரை படிந்தது. முதலில் பார்த்தவர்களுக்கு அது ஏதோ அழுக்கு மாதிரி தோன்றியதாம். 1961ல் ஃபேமா கம்பெனியின் ஈ61 வந்து ஸ்பிரிங் வேலையை மின்சார பம்பிடம் ஒப்படைத்தது. (அந்த வருஷம் வந்த சூரிய கிரகணத்தை வைத்துத்தான் அந்தப் பெயர்.)

இங்கே ஒரு நிமிஷம் நம்ம ஊர்க் கல்யாணங்களுக்கு வருவோம். பந்தல் ஓரத்தில் பளபளவென்று நின்று, புஸ்ஸென்று சத்தம் போட்டு, நுரை ததும்பும் காப்பியின் மேல் கொஞ்சம் சாக்லேட் பொடி தூவிக் கொடுக்கும் 'எக்ஸ்பிரஸோ' மெஷின் இருக்கிறதே, அதில் காப்பித்தூள் வழியாக அழுத்தத்தில் தண்ணீர் போவதே இல்லை. பாலும் இன்ஸ்டன்ட் பொடியும் கலந்த டம்ளருக்குள் நீராவிக் குழாயை விடுகிறார்கள், அவ்வளவுதான். இத்தாலிக்காரன் பார்த்தால் மூக்கைப் பிடிப்பான். ஆனால் பெஸேரா காலத்து மெஷினுக்கும் இதற்கும் சொந்தம் உண்டு, இரண்டுமே நீராவியை நம்பியவை. சுவைக்காக அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் :-)

சரி, எதற்குப் பழைய மெஷின்? 1991ல் வந்த காஜியா கிளாசிக் போன்ற வீட்டு மெஷினைத் திறந்து பார்த்தால் நான்கைந்து சாமான்தான். ஒரு சின்ன பாய்லர், அதிர்வில் இயங்கும் பம்ப், வெப்பத்தைக் காக்கும் தெர்மோஸ்டாட், ஒரு சோலனாய்டு வால்வு, மூன்று சுவிட்சு. போர்டு, திரை, சிப் எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் தனியாகக் கிடைக்கும், ஸ்க்ரூ டிரைவரும் பொறுமையும் இருந்தால் மாற்றிவிடலாம். புது மாடல்கள் பலவற்றில் போர்டு போனால் கதை முடிந்தது. சர்வீஸ் சென்டர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது இது சாதாரண விஷயமில்லை.

வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். ஐரோப்பாவுக்குச் செய்தது என்றால் நம்மூர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அப்படியே ஓடும். அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்தது என்றால் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும், ஆனால் அலைவரிசையை மாற்றாது. அந்த பம்ப் அடிப்பதே அலைவரிசைக் கணக்கில்தான். அடுத்து, பாய்லருக்குள் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று கேளுங்கள். தானிகாரி அணையில் சேரும் மழைத்தண்ணீரைக் குடிக்கும் எங்களுக்கு இனிமேல் படிவது குறைவு. ஆனால் முந்தைய சொந்தக்காரர் போர்வெல் தண்ணீர் ஊற்றியிருந்தால்?

கடைசியாக வாஷர். தூள் போடும் கைப்பிடி பொருந்தும் இடத்தில் ஒரு தடித்த ரப்பர் வளையம் இருக்கும். சூட்டில் வெந்து வெந்து கல்லாகிவிடும், ஓரத்தில் ஒழுகும். பழுது நீக்கியது என்று விற்பவர் முதலில் மாற்றவேண்டியது அதைத்தான். நான் பேசிய பெங்களூர்க்காரர் மாற்றியிருக்கிறேன் என்றார், கூட இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இந்த வளையங்கள் பெரும்பாலும் செயற்கை ரப்பர். ஆனால் ரப்பர் என்றதும் அந்தமான் நிக்கோபாரில் இருக்கிறவனுக்கு நினைவு வருவது கச்சால் தீவு. நிக்கோபார் கூட்டத்தின் நடுவில் இருப்பது. பழங்குடிப் பாதுகாப்புப் பகுதி, அனுமதி இல்லாமல் போக முடியாது. அங்கே அரசாங்கம் ரப்பர் போட்டது, 1970களில் பால் வெட்டுவதற்குத் தமிழ்க் குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்தது. எங்கிருந்து? இலங்கை மலையகத்திலிருந்து.

மலையகத் தமிழர்கள் என்றாலே தேயிலை என்போம். ஆனால் அவர்களுடைய முன்னோர் கடல் தாண்டியது தேயிலைக்காக இல்லை, காப்பிக்காக. 1830களிலும் 40களிலும் கண்டி மலைகளில் ஆங்கிலேயர்கள் காப்பி பயிரிட்டபோது, தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகளின் பின்னால் போனார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. ஐரோப்பியச் சந்தைக்கு அப்போது இலங்கை பெரிய காப்பித் தோட்டம். 1869ல் இலைத்துரு நோய் கண்டது. இருபது வருஷத்துக்குள் காப்பி ஒழிந்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின, கூலிகள் அதே கூலிகள்.

1948ல் சுதந்திர இலங்கை இவர்களில் பெரும்பாலோரைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974ல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். அரிசி மூட்டைக்குக்கூட இதைவிடக் கொஞ்சம் யோசிப்பார்கள். நீலகிரித் தேயிலைக்குப் போனவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கச்சாலுக்கு வந்தவர்களைப் பற்றிப் படிக்கக் கிடைப்பது ரொம்பக் கொஞ்சம்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தத் தீவுகளிலேயே மிக மோசமாக அடிபட்டவற்றில் கச்சாலும் ஒன்று. நிக்கோபாரிகளும் போனார்கள், தமிழர்களும் போனார்கள். தோட்டத்தை நடத்திய வன மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகத்தை மூட 2017ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.