அஞ்சுவண்ணம்

ஐந்து நிறமா, ஐந்து சாதியா என்று இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தவர்கள் உண்டு. பாரசீகத்தில் கூட்டம், சபை என்று பொருள்படும் ‘அஞ்சுமன்’ என்பதே தமிழ் வாயில் இப்படியானது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. மேற்கிலிருந்து கடல் வழியே வந்த யூத, முஸ்லிம் முதலான வணிகர்களின் குழுவுக்கு இது பெயர்.

849ஆம் ஆண்டுக் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலேயே இச்சொல் வந்துவிடுகிறது. கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவி, முயிரிக்கோட்டில் இருந்தபோது, யூதரான ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் செப்பேட்டில் எழுதி வழங்கினான். பகல்விளக்கு, நடக்க விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, தோரணம், கூடவே சுங்கவிலக்கு. இவை பணத்துக்குக் கிடைப்பவை அல்ல. பகலில் விளக்கு முன்செல்ல ஒருவன் நடந்தால் ஊர் அவனை மதிப்புக்குரியவன் என்று பார்க்கும்.

செப்பேட்டின் வட்டெழுத்தில் ஜோசப் ரப்பானின் பெயர் ‘ஈசுப்பு இரப்பான்’. தமிழில் இரப்பான் என்றால் பிச்சை கேட்பவன். பல்லக்கில் போனவருக்கு வாய்த்த பெயரைப் பாருங்கள்!

ரப்பானுக்குக் கிடைத்த அச்செப்பேடு மட்டாஞ்சேரி யூதக் கோயிலில் காக்கப்பட்டது. அஞ்சுவண்ணம் என்ற சொல்லோ பின்னர் முஸ்லிம் வணிகரோடு ஒட்டிக்கொண்டது. எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரானின் நாவல் ஒன்றின் தலைப்பே ‘அஞ்சுவண்ணம் தெரு’.