உப்பளத்திலிருந்து குழாய் வரை

மன்னார் வளைகுடாவின் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அதில் ஓர் அணுவைப் பின்தொடர்வோம். பாடநூல் தனித்தனித் தலைப்புகளில் சொல்லும் பிணைப்புகளையெல்லாம் அது போகிற வழியிலேயே காணலாம்.

கடலில் அது ஓர் எலெக்ட்ரானைக் கூடுதலாக ஏந்திய அயனி. நீர் மூலக்கூறுகள் தங்கள் ஹைட்ரஜன் முனைகளை அதன் பக்கம் திருப்பிச் சூழ்ந்து நிற்கின்றன.

மழைக்காலம் ஓய்ந்ததும் தூத்துக்குடி உப்பளத்துப் பாத்திக்குள் வருகிறது. வெயிலும் காற்றும் நீரைக் குடிக்கக் குடிக்க, ஜிப்சம் படிகிறது. பிறகு உப்பு விளைகிறது. இப்போது நம் அயனியைச் சுற்றி ஆறு சோடியம் அயனிகள். ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடுகள். எதிரெதிர் மின்சுமைகளின் இந்த ஈர்ப்புதான் அயனிப் பிணைப்பு. 1913இல் லாரன்ஸ் பிராக் எக்ஸ் கதிர்களின் உதவியால் இந்த அடுக்கைக் கண்டார். உப்புக்குள் தனி மூலக்கூறே கிடையாது என்பதை ஏற்க வேதியியலாளர்கள் சிலருக்கு மனம் வரவில்லை. எனக்கு இன்றும் வியப்பூட்டும் உண்மை இது. அந்த அடுக்கை உருக்க 801 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால் அடித்தால் நொறுங்கிவிடும்: ஒரு வரிசை சற்று நகர்ந்ததும் ஒத்த மின்சுமைகள் நேருக்கு நேர் வந்து ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன.

கண் கூசும் அந்த வெள்ளை வெளியில் நின்று உப்பை வாருகிறவர்களின் உழைப்பால்தான் அது லாரி ஏறுகிறது. அதில் ஒரு பங்கு சமையலுக்கு; ஒரு பங்கு காஸ்டிக் சோடா ஆலைக்கு.

ஆலையில் உப்பை மீண்டும் நீரில் கரைத்து மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். மின்சாரத்தைக் கொண்டுவரும் தடித்த செம்புப் பட்டைகளில் இருப்பது உலோகப் பிணைப்பு. அங்கே வெளிச்சுற்று எலெக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமில்லை. எல்லா அணுக்களுக்கும் பொது. செம்பு மின்சாரத்தைக் கடத்துவது அதனால்தான். நேர்மின்வாயில் நம் அயனி தன் கூடுதல் எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டு வெறும் அணுவாகிறது. அப்படித் தனித்து இருக்க அதனால் முடியாது. இன்னொரு குளோரினோடு ஓர் இணை எலெக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்கிறது. 1916இல் கில்பர்ட் லூயிஸ் விளக்கிய சகப்பிணைப்பு இது. பாத்தியில் உணவாகக் கிடந்த அதே அணு, இப்போது நுரையீரலை அரிக்கும் மஞ்சள்பச்சை வாயு. அணுக்கரு மாறவில்லை, பிணைப்பு மட்டுமே மாறியிருக்கிறது.

குடிநீரைச் சுத்திகரிக்கக் கொஞ்சம் குளோரின் போகிறது. நம் அணுவோ எத்திலீனோடு சேர்ந்து வினைல் குளோரைடாகி, கடைசியில் பி.வி.சி. சங்கிலியில் கார்பனோடு இணைகிறது. இதுவும் சகப்பிணைப்புத்தான், ஆனால் பங்கு சமமில்லை. எலெக்ட்ரான்களைக் குளோரின் தன் பக்கம் சற்றே இழுத்து வைத்துக்கொள்கிறது. வயலில் தண்ணீர் கொண்டுபோகும் குழாயிலுள்ள பி.வி.சி.யின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின்!

வெயிலையும் மழையையும் பல்லாண்டு தாங்கும் குழாய் நெருப்பைத் தாங்குவதில்லை. சங்கிலியில் கார்பன்–குளோரின் பிணைப்பே முதலில் அறுகிறது. விடுபட்ட குளோரின் பக்கத்து ஹைட்ரஜனையும் பற்றிக்கொண்டு ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறுகிறது. ஈரமான கண்ணிலும் தொண்டையிலும் பட்டால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எரியும்போது டையாக்சின் நஞ்சுகளும் உண்டாகின்றன. போகியன்று பழைய குழாயையும் ஒயர் உறையையும் தீயில் போடாதீர்கள். பழைய பிளாஸ்டிக் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.