22 நிமிடத்தில் உலகம்

இப்ப கரண்ட் போனால் நாங்கள் முதலில் பார்ப்பது கைத்தொலைபேசியில் எவ்வளவு சார்ஜ் இருக்கு என்றுதான். 1965 நவம்பர் 9 மாலை நியூயோர்க் இருண்டபோது சனம் தேடியது பற்றரி றேடியோவை. கனடாவின் ஒன்ராறியோவில் ஒரு மின்நிலையத்தில் தொடங்கிய கோளாறு, சுமார் 3 கோடிப் பேரை இருட்டில் விட்டது. சுரங்க ரயில்கள் நடுவழியில் நின்றன. தொலைக்காட்சி செத்துப்போனது. என்ன நடக்குது என்று சொல்ல மிஞ்சியது வானொலிதான்.

அந்த நகரத்தின் 1010 வின்ஸ், முழுநேரச் செய்தி வானொலியாக மாறி அப்போது ஏழு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முதல் அது பாட்டு நிலையம். ரொக் அண்ட் ரோலைப் பிரபலமாக்கிய அலன் ஃப்ரீட் 1954இல் இங்கே வந்து சேர்ந்தவர். பிறகு மற்றப் பாட்டு நிலையங்களோடு போட்டி போட முடியாமல் போனது. உரிமையாளரான வெஸ்டிங்ஹவுஸ் 1965 ஏப்ரல் 19இல் பாட்டையே நிறுத்தியது. இந்த யோசனை முற்றிலும் புதிதில்லை. மெக்சிக்கோவின் டிஹுவானாவிலிருந்து லொஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு 1961இலேயே ஒரு நிலையம் நாள் முழுக்கச் செய்தி சொன்னது.

நாள் முழுக்கச் சொல்ல அவ்வளவு செய்திக்கு எங்க போறது? திரும்பத் திரும்பச் சொல்வதுதான் வழி. அதையே வின்ஸ் தன் பெருமையாக்கியது. 'எங்களுக்கு 22 நிமிடம் தாருங்கள், உலகத்தைத் தருகிறோம்' என்பது அதன் புகழ்பெற்ற வாசகம். கேட்பவர் பாதியில்தான் வருவார், பாதியில்தான் போவார் என்று தெரிந்து கட்டிய ஒழுங்கு அது. பின்னணியில் தட்டச்சுத் தந்தி இயந்திரத்தின் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். செய்தி அறைகளிலிருந்து அந்த இயந்திரம் போன பிறகும் சத்தம் போகவில்லை.

ஏ.எம். ஒலிபரப்பில் கோபுரமே அன்ரெனா. அதற்குத் திறந்த வெளி வேணும், ஈரநிலம் என்றால் இன்னும் நல்லது. அதனால் வின்ஸின் கோபுரங்கள் நகரத்துக்கு வெளியே, நியூ ஜேர்சியின் சதுப்பு நிலத்தில் நிற்கின்றன. 2001 செப்டெம்பர் 11இல் உலக வர்த்தக மையம் விழுந்தபோது, அதன் உச்சியிலிருந்து ஒளிபரப்பிய தொலைக்காட்சிகள் பல மௌனமாகின. சதுப்பில் நின்ற இந்தப் பழைய கோபுரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்று நிலைமை வேறு. 2022இல் வின்ஸ் எஃப்.எம்.மிலும் ஒலிக்கத் தொடங்கியது. 1967இலிருந்து அதற்குப் போட்டியாக இருந்த டபிள்யூ.சி.பி.எஸ். 880, 2024 ஓகஸ்டில் செய்தியை விட்டு விளையாட்டுக்கு மாறியது. செய்தி இப்ப எங்கட கைக்குள்ளேயே இருக்கு, அதுவும் ஆளுக்கொரு விதமாக. வின்ஸ் சொன்னதை டாக்சிக்காரரும் முதலாளியும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அதைவிட முக்கியம், 22 நிமிடம் முடிந்தால் அவர்கள் எழும்பித் தங்கட வேலையைப் பார்க்கப் போகலாம். எங்கட திரை 'இவ்வளவுதான், போ' என்று ஒருநாளும் சொல்வதில்லை.