ஒரு ஈயை அடையாளம் காண 35 வருடம்

நங்கநல்லூரில் ஒரு வீட்டு மொட்டைமாடி. செடித் தொட்டியில் ஒரு ஈ வந்து உட்காருகிறது. வீட்டு ஈ இல்லை, மாம்பழத்தில் மொய்க்கும் ஈயும் இல்லை. செல்போனில் படம் எடுத்தாயிற்று. சரி, இது என்ன ஈ?

தவறான பெயர் சொன்னால்தான் என்ன குடிமுழுகிவிடும் என்று தோன்றலாம். பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் கிண்டி. அங்கே 1899-ல் தொடங்கிய கிங் நோய்த்தடுப்பு நிலையம் இருக்கிறது. பூச்சியை மாற்றி அடையாளம் கண்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த இடத்தின் வரலாறே பதில் சொல்லும்.

அந்தக் காலத்தில் கருங்காய்ச்சல் (கலா அசார்) ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தது. விடாத காய்ச்சல், வீங்கிப்போன மண்ணீரல், கடைசியில் மரணம். 1903-ல் இங்கிலாந்தில் லீஷ்மனும், சென்னை அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவனும் தனித்தனியாக இதன் கிருமியைப் பற்றி வெளியிட்டார்கள். இருவர் பெயரும் சேர்ந்து அது 'லீஷ்மேனியா டோனவானி' ஆனது.

கிருமி கிடைத்துவிட்டது. அதை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோவது யார்?

கிண்டியில் வேலை பார்த்த டபிள்யூ.எஸ். பேட்டன் 1907-ல் மூட்டைப்பூச்சியைச் சந்தேகித்தார். நோயாளியின் ரத்தம் குடித்த மூட்டைப்பூச்சிக்குள் கிருமி வளர்வதைப் பார்த்தார். பேட்டன் சாதாரண ஆள் இல்லை. கிராக் என்பவரோடு சேர்ந்து 1913-ல் மருத்துவப் பூச்சியியலுக்கு ஒரு பெரிய பாடநூலே எழுதியவர். 1910-ல் ஓர் ஈ வகைக்கு 'மஸ்கா பேட்டனி' என்று அவர் பெயரையே வைத்தார்கள். அப்படிப்பட்டவரும் இதில் தவறினார்.

உண்மைக் குற்றவாளி மணல் ஈ. கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். மாட்டுத் தொழுவத்து ஈர மண்ணில் வளர்ந்து ராத்திரியில் கடிக்கும். 1908-லேயே அனண்டேலும் புருனெட்டியும் அதற்கு 'ஃபிளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 'வெள்ளிக்கால்' என்று அர்த்தம். பெயர் இருந்தது, ஆனால் குற்றம் யாருக்கும் தெரியவில்லை! கருங்காய்ச்சல் பரவிய ஊர்களும் இந்த ஈ வாழும் ஊர்களும் ஒத்துப்போவதை 1920-களில் சின்டன் கவனித்தார். 1942-ல்தான் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் தானாக முன்வந்தவர்களை ஈயால் கடிக்க வைத்து நிரூபித்தார்கள். ரத்தம் குடித்த ஈக்கு உலர்ந்த திராட்சை கொடுத்தால் கிருமி நன்றாகப் பெருகும் என்று அதற்குச் சற்று முன் கண்டுபிடித்ததுதான் இதற்கு உதவியது. திராட்சையில் வந்து நின்றது 35 வருடத் தேடல்!

இதில் படத்துக்கு என்ன வேலை? மணல் ஈயைப் படத்தில் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். உடம்பெல்லாம் ரோமம், உட்காரும்போது இறக்கை 'வி' மாதிரி தூக்கி நிற்கும். ஆனால் மணல் ஈக்களிலேயே பல வகை உண்டு. எது எது என்று உறுதியாகப் பிரிக்க அதன் தொண்டையையும் இனப்பெருக்க உறுப்பையும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். எவ்வளவு நல்ல கேமராவிலும் அது விழாது.

இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. 2015-ல் தென்னாப்பிரிக்காவின் ஓர் ஈக்கு வெறும் புகைப்படங்களை வைத்தே 'மார்லேயிமியா சைலோகோப்பே' என்று பெயரிட்டார்கள் மார்ஷலும் எவென்ஹைஸும். பார்வைக்கு மரம் துளைக்கும் கருவண்டு போலவே இருக்கும் ஈ அது. பாதுகாத்து வைத்த உடல் இல்லாமல் பெயரா என்று விஞ்ஞானிகள் பலர் எதிர்த்தார்கள். பெயரிடும் விதிகளை வகுக்கும் சர்வதேச ஆணையம் 2017-ல் இதைத் தடை செய்யவில்லை. ஆனால் பூச்சியை ஏன் பாதுகாக்கவில்லை என்பதற்குக் காரணம் சொல்லச் சொன்னது.

ஆகவே மொட்டைமாடியில் படம் எடுப்பவர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்தை ஒன்று என்று எடுப்பது நல்லது. இறக்கை நரம்பு தெரிய வேண்டும். தேதியும் இடமும் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும் "இந்தக் குடும்பத்து ஈ, எந்த வகை என்று தெரியவில்லை" என்ற பதில்தான் வரும் என்றால், வருத்தப்பட வேண்டாம். அவசரமாகச் சொன்ன பெயரை விட அது எவ்வளவோ மேல்.